வகுபடாத தட்டு

"ராஜம், இந்தக் கடைசி ஒண்ணு எங்கேர்ந்து வந்தது?"

தொம்மலூர் வீட்டுக் கூடத்தில் வெள்ளித் தட்டை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தபடி தேசிகன் கேட்டார். குரலில் கோபம் இல்லை. தன் நாற்காலியில் முன்பின் தெரியாத ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவரின் திகைப்புதான் இருந்தது.

"எந்த ஒண்ணு?" என்று சமையலறையிலிருந்து கேட்டார் ராஜலக்ஷ்மி. எந்த ஒண்ணு என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நான் எழுதிக் கொடுத்தது 3972779. தட்டுல 39727791-னு செதுக்கியிருக்கு. கடைக்காரர் தப்புப் பண்ணிட்டாரா?"

"அவர் ஒரு தப்பும் பண்ணலை. நான்தான் சேர்க்கச் சொன்னேன்." கரண்டியோடு வெளியே வந்தார் ராஜலக்ஷ்மி. "வாங்கப் போன இடத்துல சும்மா கூட்டிப் பார்த்தேன். மூணும் ஒம்பதும் பன்னண்டு, ஏழு பத்தொம்பது, ரெண்டு இருபத்தொண்ணு, ஏழு இருபத்தெட்டு, இன்னொரு ஏழு முப்பத்தஞ்சு, ஒம்பது நாப்பத்திநாலு. நாலும் நாலும் எட்டு! நிச்சயதார்த்தத் தட்டுல யாராவது எட்டு போடுவாளா? மொய் வெச்சாக்கூட நூறுக்கு மேல ஒரு ரூபா சேர்த்துத்தானே வெக்கறோம்? அதான் கடைசியில ஒரு ஒண்ணு. இப்போ கூட்டுங்கோ. ஒம்பது. ஜம்முனு இருக்கு."

தேசிகன் மெதுவாக சோபாவில் உட்கார்ந்தார்.

"ராஜம், கூட்டினா ஒம்பது வர்ற நம்பர் ஒம்பதால வகுபடும்."

"வகுபடட்டுமே. அதுக்கென்ன இப்போ?"

அதுதான் இப்போ. வகுபடவே கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தட்டே.

கதையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துச் சொல்ல வேண்டும். தேசிகன் மாநில அரசின் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே பிள்ளை சுதீருக்கு வைட்ஃபீல்டில் வேலை. கம்பெனியில் தினம் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்த அதிதியை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. பெண் வீடும் வைட்ஃபீல்டுதான். ஜாதகம் பொருந்தியது, பிள்ளையும் பொருந்தினான். ஆனால் அதிதியின் அம்மா ருக்மிணிக்கு மட்டும் மனசு துணியவில்லை. மூத்த பெண்ணின் கல்யாணம் ஒரு வருஷம்கூட நிலைக்காமல் கோர்ட்டில் போய் முடிந்திருந்தது. ருக்மிணி பாங்க்கில் அதிகாரியாக இருந்தவர். எதையும் இரண்டாம் தடவை சரிபார்க்காமல் விடமாட்டார். அப்பேர்ப்பட்டவர் மூத்த மாப்பிள்ளையை ஒரே தடவை பார்த்துவிட்டுச் சரி சொல்லிவிட்டார். அந்த வருத்தம் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

"இந்தப் பிள்ளைமேல குறை சொல்லலை மாமி," என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். "ஆனா இந்தக் காலத்துல சேர்றதுகள், பிரியறதுகள். இதுகள் பிரியாதுன்னு எனக்கு யார் உத்தரவாதம் தருவா?"

அந்த நேரத்தில்தான் தேசிகன் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் எண்ணைப் பற்றிச் சொன்னார்.

"எங்களுக்குக் கல்யாணமான புதுசுல காஸ் கனெக்‌ஷன் வந்தது. கார்டுல 3972779-னு நம்பர். சும்மா வகுத்துப் பார்த்தேன். மூணால போகலை. ஏழால போகலை. பதினொண்ணு, பதிமூணு, பதினேழு, எதாலயும் போகலை. அடடே, இது பிரைம் நம்பரா இருக்குமோன்னு ஒரு ஆசை. அப்போ கம்ப்யூட்டர் ஏது? சாயங்காலம் ஆத்துக்கு வந்ததும் ஒரு காப்பி, ஒரு பென்சில், அவ்வளவுதான். இந்த நம்பருக்கு 1993 வரைக்கும் இருக்கிற பிரைம் நம்பரால எல்லாம் வகுத்துப் பார்த்தாப் போறும். ஒண்ணு விடாம வகுத்தேன்."

"வகுத்த அழகை நான் சொல்றேன் கேளுங்கோ மாமி," என்று குறுக்கே புகுந்தார் ராஜலக்ஷ்மி. "சுதீர் பொறக்கற அன்னிக்கு எனக்கு வலி எடுத்துடுத்து. பையை எடுத்துண்டு வாசல்ல நின்னுண்டு 'ஏன்னா'ங்கறேன். 'இரு, முன்னூத்தித் தொண்ணூத்தேழு'ங்கறார். நான் அங்கே உசிரைப் பிடிச்சுண்டு நிக்கறேன், இவர் அதை வகுத்து முடிச்சுட்டுத்தான் எழுந்து வந்தார்!"

"நடுவில ஒண்ணை விட்டாலும் மொத்தமும் வீணாயிடுமே," என்றார் தேசிகன். "முடிச்சேன், எழுந்தேன், ஆட்டோ பிடிச்சேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வந்து நானூத்தி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சேன். கடைசி வரைக்கும் எதாலயும் வகுபடலை. மாமி, உலகத்துல எதாலயும் பிரிக்க முடியாத நம்பர் அது. அதை வெள்ளித் தட்டுல செதுக்கி, தட்டு மாத்தற அன்னிக்கு உங்க கையில தரேன். நம்ம குழந்தைகளும் அப்படியே இருப்பா."

ருக்மிணி முதலில் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சரி என்றார். அவர் கணவர் பத்ரிநாத் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை. இன்னொரு மைசூர்பாகை எடுத்துக்கொண்டார். அதிதி நிச்சயதார்த்தப் பத்திரிகையின் தலைப்பிலேயே 3972779 என்று அழகாக அச்சடித்துவிட்டாள்.

தட்டு, ராஜலக்ஷ்மியின் சொந்த நிச்சயதார்த்தத்துக்கு வந்த தட்டு. அதில்தான் இப்போது கடைசியில் ஒரு ஒன்று, மொய் வைத்த மாதிரி, உட்கார்ந்திருக்கிறது. நிச்சயதார்த்தம் வரும் ஞாயிற்றுக்கிழமை.

"இதைப் பார்த்தவுடனே அந்த மாமி கண்டுபிடிச்சுடுவா," என்றார் தேசிகன். "மூணால வகுபடறதுன்னு பள்ளிக்கூடப் பசங்களுக்கே தெரியும். எடு தட்டை."

விவேக் நகரில், குழந்தை ஏசு கோயிலுக்குப் போகிற தெருவில் இருந்தது டென்சிலின் கடை. கிளப்புகளுக்குக் கோப்பை, பள்ளிக்கூடங்களுக்கு ஷீல்டு, வீட்டு வாசலுக்குப் பித்தளைப் பெயர்ப்பலகை, எதில் வேண்டுமானாலும் பெயர் வெட்டித் தருவார்.

"ஆன்டிதான் ஒரு ஒன் சேர்க்கச் சொன்னாங்கோ. நான் ஃப்ரீயாவே போட்டுக் கொடுத்தேன் சார்," என்றார் டென்சில்.

"ரொம்ப உபகாரம். இப்போ அதை எடுத்துடுங்கோ."

டென்சில் தட்டை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். "எடுக்க முடியாது சார். பழைய தட்டு, மெல்லிசா இருக்குது. சுரண்டினா அந்தப் பக்கம் ஓட்டை வந்துடும். சேர்க்கலாம் சார், எடுக்கிறது கஷ்டம்."

தேசிகன் யோசித்தார். ஒன்றில் ஒரு கோடு இழுத்து ஏழு ஆக்கலாம். ஆனால் கூட்டினால் ஐம்பத்தொன்று, மறுபடி மூன்றால் வகுபடும். நாலு ஆக்கலாம், இரட்டைப்படை ஆகிவிடும். ஆக, பின்னால் இன்னொரு இலக்கம் சேர்த்தால்தான் உண்டு. மூன்றோ ஒன்பதோ சேர்த்தால் பழைய குருடி கதவைத் திறடி. ஒன்று அல்லது ஏழு. ஏழு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. கல்யாணத்தில் பெண்ணும் பிள்ளையும் சேர்ந்து வைப்பது ஏழு அடிதானே! ராஜலக்ஷ்மிகூட மறுக்கமாட்டார்.

டென்சிலிடம் ஒரு பழைய காலண்டர் தாளை வாங்கி, கவுண்டரிலேயே வகுக்க ஆரம்பித்தார். 397277917. ஏழால் போகவில்லை. பதினொன்றால் போகவில்லை. கேரம் போட்டிக்குக் கோப்பை வாங்க வந்த இரண்டு பேர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"அங்கிள் என்ன பண்றாரு?" என்றார் ஒருவர்.

"மகனுக்கு நிச்சயம்," என்றார் டென்சில், அதிலேயே எல்லாம் அடங்கிவிட்ட மாதிரி.

முப்பத்தொன்று வரைக்கும் வகுத்தாகிவிட்டது. எதிலும் மாட்டவில்லை. டென்சில் ஷட்டரின் கொக்கியைக் கையில் எடுத்துவிட்டார்.

"சார், கடை மூடணும். போடட்டுமா, வேணாமா?"

முப்பத்தொன்று வரை தாக்குப் பிடித்த எண் மேலேயும் தாக்குப் பிடிக்காதா என்ன? புள்ளிவிவர அலுவலகத்தில் காலம் தள்ளியவர் இப்படி நினைத்திருக்கக் கூடாது. ஆனால் நினைத்துவிட்டார்.

"போடுங்கோ ஏழு," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் கிடைத்தது. அது கிடைத்திருக்காவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். மடியில் தட்டு, மனசில் எண். முப்பத்தேழால் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று சும்மா ஆரம்பித்தார். முப்பத்தேழு ஒன்று, மீதி இரண்டு. இருபத்தேழு, போகாது. இருநூற்று எழுபத்திரண்டு, ஏழு தடவை. மீதி பதின்மூன்று. போய்க்கொண்டே இருந்தது. கடைசி ஏழை இறக்கினார். முப்பத்தேழு. மிச்சம் மீதி இல்லாமல் கச்சிதமாக முடிந்தது.

"அடப்பாவி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பக்கத்து ஸீட்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

"தொம்மலூர், தொம்மலூர், இளீரி!" என்று இறங்கச் சொல்லிக் கண்டக்டர் கத்தியது அவர் காதில் விழவே இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

வீட்டில் சுதீர் லேப்டாப்போடு தயாராக உட்கார்ந்திருந்தான். தேசிகன் இயந்திரத்தை நம்பாதவர் இல்லை. தன் எண்ணை அதில் போட்டுப் பார்ப்பதை மட்டும் அவர் விரும்பியதில்லை. சுதீரும் போட்டுப் பார்த்ததில்லை. அப்பா சொன்ன பிறந்த தேதியை ஆதார் ஆபீஸில் போய் விசாரிக்கிற மாதிரி அது, என்பான். ஆனால் இந்த ஒன்பது இலக்க எண் அப்பாவுடையது இல்லையே. இது வந்தேறி.

"37 இன்ட்டு ஏதோ வருதுப்பா. நீங்க சொன்னது கரெக்ட்," என்றான் சுதீர்.

"கரெக்டா இருந்து என்னடா பிரயோஜனம்? இன்னொரு டிஜிட் சேர்த்தா?"

"மூணு சேர்த்துப் பார்க்கறேன். ம்ஹும், பதினொண்ணால போகுது."

"ஏழு?"

"முப்பத்தொண்ணால போகுது."

"ஒம்பது?"

"பத்தொம்பது. என்னப்பா இது, ஆளாளுக்கு ஒண்ணு வெச்சிருக்கு?"

கவலையை மறந்து தேசிகன் லேப்டாப் பக்கம் சாய்ந்தார். எவ்வளவு வேடிக்கை! வால் பக்கம் ஓர் இலக்கம் மாறினால் உள்ளே இருக்கிற ஆட்களே மாறிவிடுகிறார்கள். ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக நிற்கிற எண்கள், ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லாத மாதிரி நடந்துகொள்கின்றன. அபார்ட்மெண்ட் வாசம் மாதிரிதான், என்று நினைத்துக்கொண்டார்.

"பாக்கி ஒண்ணுதாம்பா. ஒண்ணு சேர்த்துப் பார்க்கட்டுமா?"

"நில்லு," என்றது ராஜலக்ஷ்மியின் குரல். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். "இப்போ அம்பத்திரெண்டு. ஒண்ணு சேர்த்தா அம்பத்திமூணு. அஞ்சும் மூணும் எட்டு. கூடவே கூடாது."

"அம்மா, மெஷின்ல போட்டாவது..."

"மெஷின் என்ன சொன்னாலும் என் தட்டுல எட்டு ஏறாது. எதைத் துரத்தறதுக்காக ஒண்ணு சேர்த்தேனோ, இன்னொரு ஒண்ணு சேர்த்து அதையே கூப்பிடுவாளா?"

"அப்போ ரெண்டு ரெண்டு டிஜிட்டா சேர்க்கலாம்பா," என்றான் சுதீர்.

"சேர்த்துண்டே போனா தாம்பூலத்தை எங்கடா வெக்கறது, தலையிலயா?" என்றார் அம்மா.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகி, இப்போது குரங்குக்கும் வால் வளர்ந்துகொண்டிருந்தது. தேசிகன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்தார்.

"சேர்க்கலாம், எடுக்க முடியாதுன்னுதானே சொன்னார்? சேர்ப்போம். அந்த ஒண்ணுல நாலு கோடு சேர்த்தா குத்துவிளக்கு. அந்த ஏழுல ரெக்கையும் வாலும் சேர்த்தா கிளி. நம்பருக்குப் பக்கத்துல விளக்கும் கிளியும்! யாரும் எண்ணுன்னு நினைக்கமாட்டா. பழையபடி 3972779 மட்டும் நிக்கும்."

"சூப்பர்ப்பா!" என்றான் சுதீர்.

ராஜலக்ஷ்மி ஏழு இலக்கத்தையும் மறுபடி விரல் விட்டுக் கூட்டினார். "அப்போ மறுபடியும் எட்டு," என்றார்.

"எட்டுதான். ஆனா பிரைம்."

"நான் சொன்னது ஒண்ணுமில்லை, உங்க நம்பர்தான் பெரிசு."

"ராஜம், அந்த மாமிக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"எனக்கு மட்டும் என்ன கொடுத்தேளாம்? அன்னிக்கு வாசல்ல நான் நின்னபோதே தெரிஞ்சுது. எனக்கு உசிரு போயிண்டிருக்கு, உங்களுக்கு முன்னூத்தித் தொண்ணூத்தேழு. பிள்ளை பொறந்து, வளர்ந்து, அவனுக்கே கல்யாணம் வந்தாச்சு. இன்னும் அந்த வாசல்லயேதான் நிக்கறேன் நான்."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தேசிகன் வழக்கம்போலப் பதில் சொல்லியிருப்பார். ராஜலக்ஷ்மியின் குரல் உடைந்திருந்தது. சுதீர் லேப்டாப்பை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

தேசிகனுக்கும் வலித்தது. என்ன பதில் சொல்வது? முடிக்காமல் வந்தேன் என்றால் மனைவிக்கு ஆறுதல், ஆனால் எண் பொய்யாகிவிடும். முடித்துவிட்டு வந்தேன் என்றால் எண் நிற்கும், அவர்தான் குற்றவாளி. இத்தனை வருஷமும் அவர் எண்ணின் பக்கம்தான் நின்றிருந்தார். அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தார். அடுப்பில் பால், மேஜையில் பென்சில், வாசலில் அவள் குரல், அப்புறம் ஆட்டோவின் பெட்ரோல் வாடை. அந்த வகுத்தலில் மீதி என்ன வந்தது என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"எக்கேடோ போங்கோ," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டை அவர் கையில் கொடுத்தார் ராஜலக்ஷ்மி. "எட்டோடயே இருக்கட்டும். எனக்கென்ன, பழகிடுத்து."

மறுநாள் வியாழக்கிழமை. வியாழக்கிழமைகளில் விவேக் நகரில் குழந்தை ஏசுவைப் பார்க்க ஊரே திரண்டுவிடும். பூக்காரர்களையும் மெழுகுவர்த்தி விற்பவர்களையும் பிளந்துகொண்டு தேசிகன் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். டென்சிலுக்குத் தலைக்கு மேல் வேலை. கவுண்டரில் ஐந்தாறு பேர்.

"இந்த ஒண்ணை விளக்காக்கணும், இந்த ஏழைக் கிளியாக்கணும்," என்று ஒருவர் தோளுக்கு மேலிருந்து கத்தினார் தேசிகன்.

"விளக்கு, பறவை, ஓக்கே சார்! சனிக்கிழமை வாங்கோ!"

சனிக்கிழமை தேசிகன் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேலை என்னவோ அருமையான வேலை. ஒன்று இருந்த சுவடே இல்லை. ஏழும் இல்லை.

"டென்சில், குத்துவிளக்குன்னு சொன்னேனே."

"விளக்குதானே சார்."

"இது மெழுகுவர்த்தி."

டென்சில் உற்றுப் பார்த்தார். "ஆமா சார். கைப்பழக்கம். வருஷம் பூரா இதான் போடறேன்."

"அப்போ கிளி?"

"பறவைன்னுதான் காதுல விழுந்துது. புறா போட்டேன். பாருங்கோ, வாயில இலைகூட வெச்சிருக்கேன். பீஸ் சார், சமாதானம். எங்க கல்யாணத்துல எல்லாம் இதான்."

வீட்டுக்கு வந்ததும் ராஜலக்ஷ்மி தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். இரண்டு நாளாகச் சரியாகப் பேசாதவர். புறாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உதடு துடித்தது.

"நம்மாத்து நிச்சயதார்த்தத்துக்குக் கோழி வந்திருக்கே!" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆனாலும் தேசிகனுக்கு நிம்மதி. மெழுகுவர்த்தியோ புறாவோ, எண் பழையபடி இருந்தது. தட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். 3972779. ஊருக்குப் போன சொந்தக்காரன் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, வைட்ஃபீல்டில் பத்ரிநாத் குடியிருந்த அபார்ட்மெண்டின் பார்ட்டி ஹாலில் நிச்சயதார்த்தம். சாஸ்திரிகள் லக்னப் பத்திரிகை வாசித்தார். அதிதி மாம்பழக் கலர் பட்டுப் புடவையில் சுதீரைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. தேசிகன் தட்டை நீட்டினார். வாங்கிக்கொண்ட பத்ரிநாத் வழக்கப்படி ஒன்றும் சொல்லாமல் அதை மனைவியிடம் நகர்த்திவிட்டு, இலையில் முதலில் வந்து விழுந்த மைசூர்பாகிடம் போய்விட்டார். பக்கத்தில்தான் பந்தி.

ருக்மிணி வெற்றிலையை நகர்த்தினார். தேங்காயைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் தட்டும் மறு கையில் பத்திரிகையுமாகச் சரிபார்த்தார்.

"மூணு, ஒம்பது, ஏழு, ரெண்டு, ஏழு, ஏழு, ஒம்பது. அதே நம்பர்தான். இது என்ன, மெழுகுவர்த்தியா?"

"வெளிச்சம் மாமி," என்றார் தேசிகன்.

"இந்தக் கோழி?"

"சமாதானம்," என்றார் ராஜலக்ஷ்மி பட்டென்று.

ருக்மிணி தட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "இந்த ஒரு வாரமா ராத்திரி நன்னாத் தூங்கறேன் மாமா. எதாலயும் பிரிக்க முடியாதுன்னு நீங்க சொன்னேளே, அதையே நினைச்சுப்பேன்." அப்புறம் கொஞ்சம் வெட்கப்பட்டபடி, "அதிதி, அதைப் போன்ல ஒரே ஒரு தடவை போட்டுப் பாரேன். சந்தேகமெல்லாம் இல்லை மாமா. பழக்கம்," என்றார்.

"தாராளமா!" என்றார் தேசிகன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அதிதி போனில் தட்டினாள். பார்த்தாள். மறுபடி தட்டினாள். சுதீரைப் பார்த்தாள்.

"அப்புறம் பார்க்கலாமேம்மா," என்றாள்.

"அப்புறம்னா ஏதோ இருக்கு. சொல்லு."

"சொல்லும்மா, தைரியமாச் சொல்லு," என்றார் தேசிகன், சிரித்துக்கொண்டே.

"மாமா, இது... இது பிரைம் இல்லை மாமா."

நாதஸ்வர சி.டி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதையும் நிறுத்தினார்கள்.

"இருக்காதும்மா. நான் ஒண்ணு விடாம வகுத்திருக்கேன்."

"397 இன்ட்டு 10007-னு வருது மாமா. ரெண்டு பேர்தான் உள்ளே. வேற எதாலயும் போகலை." அதிதிக்குத் தட்டின் மேல் இப்போது நிஜமாகவே ஆர்வம் வந்துவிட்டது. குனிந்து எண்ணின் மேல் விரலை வைத்தாள். "பாருங்கோ, நம்பரோட முகத்துலயே இருக்கு. முதல் மூணு டிஜிட்டே 397. அது ஒரு தடவை போயிடுத்து. பாக்கி 2779. அது ஏழு 397. அவ்வளவுதான் மாமா! பென்சிலை வெச்சாலே தெரிஞ்சுடும். அரை நிமிஷம்கூட ஆகாது."

தேசிகன் தட்டை வாங்கினார். விரலால் மடியில் கணக்குப் போட்டார். ஏழேழு நாப்பத்தொம்பது என்று முணுமுணுத்தார். மறுபடி போட்டார். முப்பது வருஷமாகக் காலையும் மாலையும் பார்த்த முகம். அதன் நெற்றியிலேயே எழுதியிருந்தது.

"முன்னூத்தித் தொண்ணூத்தேழா?" என்றார் ராஜலக்ஷ்மி மெதுவாக.

ருக்மிணியின் கை தழைந்தது. "அப்போ இதுவும் பிரியற நம்பர்தானா?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. சுதீர் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அதைத்தானே முடிச்சேன்," என்றார் தேசிகன். "எல்லாருக்கும் தெரியுமே. இவள் வாசல்ல நிக்கறா, என்னைக் கூப்பிடறா. நான் அதை முடிச்சுட்டுத்தானே எழுந்தேன்? வகுபட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?"

ராஜலக்ஷ்மி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் இமைக்கவில்லை.

அப்போது பந்தியிலிருந்து, இலையில் பாதி மைசூர்பாகை வைத்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகப் பத்ரிநாத் வாயைத் திறந்தார்.

"தெரிஞ்சிருக்கும், சம்பந்தி. தெரியலைன்னா நீங்க அதை முடிக்கவே இல்லைன்னுதானே அர்த்தம்? மாமி கூப்பிட்ட உடனேயே பென்சிலைப் போட்டுட்டு ஓடியிருக்கேள்!"